மலை இல்லாத ஊரில் பழங்குடி உரிமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் இருக்கும் இருளர், நரிக்குறவர் குடியிருப்புகளுக்கு மனு எழுதிக் கொடுக்கப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். பாயை விரித்து உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதேதான். பாதிக் கேள்விகள் குடியிருப்பில் இருப்பவர்களுடையவை. மீதி ஆசிரியர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் கேட்டவை. யார் எப்படிக் கேட்டார்களோ அப்படியே போட்டிருக்கிறேன்.

டெல்டாவுல மலையும் இல்ல, காடும் இல்ல. இங்க ஏதுங்க பழங்குடி?

சம்பா அறுவடை முடிந்ததும் தை, மாசியில் வயல் பக்கம் போய்ப் பாருங்கள். வரப்பில் ஓர் இருளர் அம்மா குந்தி உட்கார்ந்திருப்பார். கையில் அடியில் ஓட்டை போட்ட மண்சட்டி. அதில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, சட்டியின் வாயை எலி வளைமேல் கவிழ்த்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார். மற்ற வளைகளை ஏற்கெனவே சேறு வைத்து அடைத்திருப்பார்கள். புகை உள்ளே போனபிறகு தோண்டினால் எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். அந்த நெல் அன்று ராத்திரி உலைக்குப் போகும். நம் விளைச்சலைக் காலம் காலமாகக் காத்த கைகள் அவை. சட்டி சுட்டு உதடு கறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். அரசியல் சாசனத்தில் மலை, காடு என்று எந்த நிபந்தனையும் கிடையாது. பிரிவு 342-இன்படி குடியரசுத் தலைவர் மாநிலவாரியாக அறிவிக்கும் சமூகங்களே பழங்குடியினர். அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ நாடாளுமன்றத்தால்தான் முடியும். தமிழ்நாட்டுப் பட்டியலில் சில பெயர்களுக்கு மட்டும் இட வரம்பு உண்டு. மலையாளி என்ற மலைவாழ் சமூகம் (கேரளத்தார் அல்ல) குறிப்பிட்ட சில பழைய மாவட்டங்களில்தான் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அவர்களுக்கு நெடுங்காலமாகச் சான்றிதழ் சிக்கல் இருப்பது அதனால்தான். இருளர், காட்டுநாயக்கன், மலைக்குறவன் ஆகிய பெயர்களுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. நாகப்பட்டினத்தில் கடலோரம் பிறந்த இருளரும் நீலகிரியில் பிறந்த இருளரும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

ஆதிவாசி, பூர்வகுடி, பழங்குடி, எஸ்.டி. எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

பேச்சில் எல்லாம் கலந்துதான் வரும். சாசனத்தில் இருப்பது பட்டியல் பழங்குடியினர் (எஸ்.டி.) என்ற சொல் மட்டும். அரசியல் நிர்ணய சபையில் பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா 'ஆதிவாசி' என்ற சொல்லே வேண்டும் என்று வாதாடினார். சபை அதை ஏற்கவில்லை.

உலக அளவில் 2007 செப்டம்பர் 13-இல் பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. ஆனால், விடுதலைக்குப் பிறகு இந்திய மக்கள் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்ற விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. அதனால் ஒரு தாலுகா அலுவலகத்தில் ஐ.நா. பிரகடனத்தைக் காட்டிப் பயனில்லை. அங்கே பேசுவது பிரிவு 342-இன் பட்டியல்தான்.

நாங்க ஆதிதிராவிடர். பேர்லயே 'ஆதி' இருக்கே, எங்களுக்கும் அந்த உரிமை வராதா?

இந்த மண்ணுக்கு நாங்கள் முதல் மக்கள் என்று சொல்லித்தான் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கினார்கள். எம்.சி. ராஜா போன்றவர்களின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசு அந்தப் பெயரை ஏற்றது. வரலாறாக அது பெரிய விஷயம். சட்டத்தில் ஆதிதிராவிடர் பிரிவு 341-இன் கீழ் பட்டியல் சாதியினர். பழங்குடியினர் பட்டியல் தனி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இலவச சட்ட உதவி, ஊராட்சி இட ஒதுக்கீடு இவை இரு தரப்புக்கும் பொது. மாநில இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், பழங்குடிக்கு 1 சதவீதம். மதம் மாறினால் என்ன ஆகும் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

சாசனம் அப்படி என்னதான் கொடுக்குது? ஒரே மூச்சுல சொல்லுங்க பார்ப்போம்.

கல்வியில் சிறப்பு ஏற்பாடு பிரிவு 15(4), வேலையில் இட ஒதுக்கீடு 16(4), கொத்தடிமைக்குத் தடை 23, தன் மொழியையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமை 29, சுரண்டலிலிருந்து காக்கும் கடமையை அரசின் தலையில் வைப்பது 46, ஊராட்சிகளில் இடம் 243டி, மக்களவை, சட்டமன்றத் தொகுதிகள் 330, 332, கேட்டு விசாரிக்கத் தனி ஆணையம் 338ஏ. மத்திய அரசு வேலைகளில் 7.5 சதவீதம்.

டெல்டாவில் இதில் பாதி கண்ணில் படாது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். நம் பக்கம் ஊருக்கு நாலு வீடு, பத்து வீடு என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஓட்டுக்கணக்கில் தெரியாதவர்கள் அலுவலகக் கணக்கிலும் தெரியாமல் போவதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

நரிக்குறவங்க எம்.பி.சி.ன்னுதானே இருந்தாங்க? எப்போ மாறிச்சு?

1965-இலேயே மத்திய அரசு அமைத்த லோகூர் குழு அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. நடந்தது 2022 டிசம்பரில். நரிக்குறவன், குருவிக்காரன் என்ற பெயர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் 37-ஆவது பதிவாகச் சேர்க்கும் மசோதாவை அந்த மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. 2023 தொடக்கத்தில் சட்டமானது. இடையில் போனது 57 வருடம்.

பழைய எம்.பி.சி. சான்றிதழை வைத்திருப்பவர்கள் புதிதாக விண்ணப்பித்துப் பழங்குடியினர் சான்றிதழ் வாங்க வேண்டும். தானாக மாறாது.

சாதிச் சான்றிதழைத் தாசில்தாரே கொடுக்கலாமே, ஏன் ஆர்.டி.ஓ. கிட்ட அனுப்புறாங்க?

மற்ற சமூகங்களுக்கு வட்டாட்சியர் மட்டத்திலேயே முடிந்துவிடும். பழங்குடியினருக்கு மட்டும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது சார் ஆட்சியர் தர வேண்டும். 1989 நவம்பர் 11 முதல் இந்த நடைமுறை. அதற்கு முன் தாசில்தார் கொடுத்தவை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே தாத்தாவின் பழைய காகிதம் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், அது பொன்.

போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் சரிபார்ப்பு கடுமையானது. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் ஆய்வுக் குழுக்கள் அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பொய்ச் சான்றிதழில் பெற்ற வேலை நிலைக்காது என்று 2017-இலும் சொன்னது. அதெல்லாம் நியாயம்தான். ஆனால் ஏமாற்றியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். அதற்கான சந்தேகப் பார்வை விழுவது எழுத்தறியாத இருளர் தாய்மேல்.

"எலி பிடிச்சுக் காட்டு, பாம்பு பிடிச்சுக் காட்டு, உங்க பாஷையில பேசு"ங்குறாங்க. இப்படியெல்லாம் கேக்கலாமா?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டபோது நான் அந்த அறைக்கு வெளியே நின்றிருந்தேன். "எங்க அப்பா பிடிப்பாரு சார், என்னைப் படிக்க அனுப்பிட்டாரு" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அந்த வருடம் கல்லூரியில் சேரும் தேதியும் போய்விட்டது.

சமூகத்தின் வழக்கங்களை வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு இணக்கச் சோதனை என்று பெயர். 2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்து தாக்கூர் சமூகத்தார் தொடுத்த வழக்கில், அதுவே முடிவான உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிப்பு, இடப்பெயர்ச்சி, காலமாற்றம் இவற்றால் வழக்கங்கள் மாறும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பழைய ஆவணங்களுக்கு, முக்கியமாகச் சாசனத்துக்கு முந்தியவற்றுக்கு, அதிக மதிப்பு உண்டு. விசாரிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மரியாதையாக விசாரிக்கலாம். வித்தை காட்டச் சொல்வது விசாரணை ஆகாது.

மனுவோடு பெரியப்பா, அத்தை என்று இரத்த உறவில் யாருக்குக் கிடைத்திருந்தாலும் அந்தச் சான்றிதழின் நகலை வையுங்கள். பிறப்புப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் அட்டை எது இருந்தாலும் சரி. மறுத்தால் வாய்வார்த்தையாக விடாதீர்கள், காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேலே போக முடியும். உயர் நீதிமன்றம் வரை போவதானால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை.

மனு போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துல பிள்ளையைச் சேர்க்க மாட்டேங்கிறாங்க.

சேர்க்க வேண்டும். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி என்பது பிரிவு 21ஏ தரும் அடிப்படை உரிமை. வயதுச் சான்று இல்லை என்றுகூட ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சாதிச் சான்றிதழ் உதவித்தொகைக்குத்தான் தேவை. பள்ளிக்கூடத்தில் உட்கார அது தேவையே இல்லை.

நாங்க சர்ச்சுக்குப் போறோம். எஸ்.டி. போயிடுமா?

போகாது. இந்து, சீக்கியர், பௌத்தர் என்ற மத வரம்பு பட்டியல் சாதியினருக்கு மட்டுமே. பழங்குடியினர் எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடியினரே.

பொண்ணைக் காரைக்கால்ல கட்டிக் கொடுத்திருக்கோம். அங்க போனா நம்ம சான்றிதழ் செல்லாதாமே?

பொறையாறு தாண்டி அரை மணி நேரப் பயணம். ஆனால் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. பட்டியல் மாநிலவாரியானது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, அதன் வலி இங்கேதான் தெரியும். ஒரு மாநிலத்தில் பழங்குடி என்பதால் இன்னொரு மாநிலத்தின் சலுகை தானாக வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புதுச்சேரிக்கு 2016 டிசம்பர் வரை பழங்குடியினர் பட்டியலே கிடையாது. அப்போது சேர்த்தது இருளரை மட்டும். வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் அதற்குள் அடக்கியிருக்கிறார்கள். காட்டுநாயக்கன், மலைக்குறவன் அங்கே பட்டியலில் இல்லை. ஆகவே சீர்காழியில் பழங்குடியாக இருக்கும் ஒரு காட்டுநாயக்கன் குடும்பத்துக்குக் காரைக்காலில் அந்தப் பெயரே கிடையாது. நம் பட்டியலில் 'இருளர்' என்று மட்டும் இருக்கிறது. இங்கே ஆவணத்தில் வேறு பெயர் எழுதியிருந்தால் அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று நாமாகச் சொல்லிவிட முடியாது. பட்டியலை உள்ளபடியே படிக்க வேண்டும் என்பது 2000-இல் மிலிந்த் வழக்கில் வந்த தீர்ப்பு. மத்திய அரசு வேலைக்கு உங்கள் பெண் தன் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டலாம்.

மூணு தலைமுறையா ஆத்துப் படுகையில இருக்கோம். நீர்நிலை ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. பழங்குடிங்கிறதால அங்கயே பட்டா கேக்கலாமா?

மனதுக்குக் கஷ்டமான பதில்தான்: நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா வாங்குவது ஏறக்குறைய நடக்காது. ஆறு, வாய்க்கால், குளம் இவற்றின் நிலத்தைக் காப்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன. டெல்டாவில் அதற்குக் காரணமும் உண்டு. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது முதலில் முங்குவது படுகையில் இருக்கும் குடிசைகள்தான்.

ஆனால் ஒரு குடும்பத்தை நேற்று நோட்டீஸ், இன்று ஜே.சி.பி. என்று தூக்கி எறிய முடியாது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும், அறிவிப்புக் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றது. அதனால் 'இங்கேயே பட்டா' என்று எழுதாதீர்கள். 'மாற்று இடத்தில் வீட்டுமனைப் பட்டா தந்த பிறகே அகற்ற வேண்டும்' என்று எழுதுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் கொடுத்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எந்த இடம் காலியாக இருக்கிறது என்று சர்வே எண்ணோடு நீங்களே எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. இருளரும் காட்டுநாயக்கரும் தமிழ்நாட்டின் ஆறு மிக நலிந்த பழங்குடிகளில் சேர்ந்தவர்கள். இப்படி மிக நலிந்த பழங்குடிகளுக்காக மத்திய அரசு 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் அவர்களுக்கு வீடும் அடக்கம். அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

பண்ணைக்காரர் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்கள் கதை வேறு. 1971-இல் அப்படிக் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. தஞ்சை மண்ணின் போராட்டங்கள் ஈன்ற சட்டம் அது. அப்பாவோ தாத்தாவோ அந்தக் காலத்தில் அங்கே இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிச்சாவரத்துலயும் முத்துப்பேட்டையிலயும் கையால நண்டு, இறால் தடவிப் பிழைக்கிறோம். வன உரிமைச் சட்டம் எங்களுக்கு உண்டா? எஸ்.டி. ஆயிட்டா வேட்டைக்கும் போகலாமா?

முதல் கேள்விக்கு வாய்ப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரம் நிற்கும் மலைக்கு மட்டும் எழுதியதல்ல. சரணாலயங்களும் அதற்குள் வரும். நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்களை எடுக்கும் சமூக உரிமையைப் பிரிவு 3 பெயர் சொல்லியே தருகிறது. சதுப்புக்காட்டுக் கால்வாயில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, விரலால் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறிக்குள் போடும் பெண்களுக்கு இது பொருந்த வேண்டிய உரிமை. அந்த வனத்தைச் சார்ந்தே பிழைக்கிறோம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே என்று காட்ட வேண்டும். கோரிக்கையைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவில் வைக்க வேண்டும். குழுவே இல்லை என்றால் அமைக்கச் சொல்லி முதல் மனு.

வேட்டை கூடாது. அதே பிரிவு வேட்டையையும் பொறி வைப்பதையும் விலக்கி வைத்திருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டம் எல்லோருக்கும் பொது.

இருபதாயிரம் முன்பணம் வாங்கிட்டுப் பையனை வாத்து மேய்க்க விட்டுட்டோம். கடன் தீரலைன்னு அனுப்ப மாட்டேங்கிறாரு. நாங்கதானே கைநீட்டி வாங்கினோம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தலையைத் தூக்கவே இல்லை. ஐயா, தப்பு உங்கள்மேல் இல்லை. முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைப்பது பிரிவு 23-க்கு விரோதம். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவர்மேல்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பையனுக்குப் பதினான்கு வயது ஆகவில்லை என்றால் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் சேரும்.

செங்கல் சூளை, சவுக்கு வெட்டு, ஆட்டுக்கிடை எல்லாவற்றுக்கும் இதேதான். கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ எழுதிக் கொடுங்கள், குழந்தை என்றால் 1098-க்கும் அழையுங்கள். மீட்டபிறகு விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மறுவாழ்வு உதவி அந்தக் காகிதத்தைப் பிடித்துத்தான் வரும். அது இல்லாமல் வந்தவர்கள் அடுத்த வருடமே வேறொரு முன்பணத்தில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்ல திருட்டுப் போனா முதல்ல எங்க தெருவுக்குத்தான் போலீஸ் வருது. யார்கிட்ட சொல்றது?

பொய் வழக்குப் போடுவது, சாதிப் பெயர் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்துவது, நிலத்தைப் பறிப்பது எல்லாம் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். புகாரைப் பதிவதற்கு முன் ஆரம்ப விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. கடமையைச் செய்யாத அரசு ஊழியர்மேலும் பிரிவு 4 பாயும்.

வருமானம் எவ்வளவு இருந்தாலும் பழங்குடியினருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவிக்கு 15100, வன்கொடுமைக்கு 14566. இந்த இரண்டு எண்களைக் குடியிருப்பின் நடுச்சுவரில் கரியாலாவது எழுதி வையுங்கள்.

ஒடிசாவுல நியம்கிரி மலையைக் கிராம சபை காப்பாத்துச்சே. அதுமாதிரி நம்ம கிராம சபை தீர்மானம் போட்டா எண்ணெய்க் கிணறு நிக்குமா?

நெடுவாசல் போராட்டத்திலிருந்தே இந்தக் கேள்வி வருகிறது. 2013-இல் நியம்கிரியில் டோங்ரியா கோந்த் மக்களின் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. அவர்களுக்கு அந்த அதிகாரம் வன உரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. அது ஐந்தாம் அட்டவணைப் பகுதியும்கூட, அதாவது பழங்குடியினருக்காகச் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி தனியாக அறிவித்த பகுதி. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டு பெசா சட்டம் இங்கே செல்லாது.

டெல்டாவுக்கு இருப்பது 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்க அதைத்தான் பிடிக்க வேண்டும். பழங்குடி உரிமையை இதற்குக் கருவியாக்க நினைக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்பேன்: உங்கள் ஊர்க் கிராம சபையில் இருளர் குடும்பம் ஒன்றாவது உட்கார்ந்திருக்கிறதா?

அப்போ அட்டவணைப் பகுதியும் இல்ல, எம்.எல்.ஏ. சீட்டும் இல்ல. எங்களைக் கேக்க ஆளே இல்லையா?

அட்டவணைப் பகுதி இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டுக்குப் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. பிரிவு 338ஏ-இன் தேசிய ஆணையத்துக்குச் சிவில் நீதிமன்றம் போல அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் இருக்கிறது. தபால் அட்டையில் எழுதினாலும் மனுதான். சான்றிதழ் இழுத்தடிப்பு, பட்டா, கொத்தடிமை எதுவானாலும் எழுதலாம்.

அதற்கு முன், பக்கத்திலேயே இருப்பது கிராம சபை. வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போன மே முதல் தேதி ஒரு ஊரில் ஒன்பது இருளர் குடும்பங்களோடு போனேன். வழக்கம்போல வாசலில் நின்றார்கள். ஒரு பாட்டி மட்டும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, "எங்க தெருவுக்குக் குழாய் வேணும், தீர்மான நோட்டுல எழுதுங்க, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்றார். எழுதினார்கள், படித்தும் காட்டினார்கள். குழாய் ஆடியில் வந்தது.